பதினைந்து நாள் சுத்தமான படம்

17.4.2005, ஞாயிறு

இன்று காலை ஏழரை மணிக்குக் கண்ணாயிரம் வந்து எங்கள் வீட்டுக் கேபிளைக் கழற்றிவிட்டுப் போனான். கண்ணாயிரம் என் மனைவி தேவகியின் தம்பி. செவிலிமேட்டில் பாதி வீடுகளுக்குக் கேபிள் டிவி கொடுக்கிறவன். வேலையாள் யாரையும் அனுப்பாமல் தானே ஏணியோடு வந்து, தானே கம்பத்தில் ஏறி, எங்கள் ஒயரை மட்டும் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு இறங்கினான். தேவகி காபி கொண்டுவந்து நீட்டினாள். "வேணாங்க்கா" என்றான். என்னைப் பார்க்கவே இல்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

காரணம் வெள்ளிக்கிழமை மாகறலில் நடந்த கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் செவிலிமேட்டில் புதிதாக வீடு கட்டியிருக்கிறாராம். கேபிள் யாரிடம் வாங்கலாம் என்று என்னைக் கேட்டார். எதிர் வரிசையில் கண்ணாயிரம் சாம்பார் வாளியோடு நிற்கிறான். நான் சொன்னேன்: "எங்க மச்சான்கிட்டயே வாங்குங்க. ஒருத்தரப் பாக்கற இடத்துல ரெண்டு பேரப் பாக்கலாம். ஆளுக்கு ஆள் பக்கத்துல ஒரு ஆவி நிக்கும்." பந்தியே சிரித்தது. சாம்பார் வாளி எங்கள் வரிசைக்கு வராமலே திரும்பிவிட்டது.

பொய்யா சொன்னேன்? படம் ரெட்டையாகத்தான் தெரிகிறது. இருபது வருடமாகத் தராசு பழுது பார்க்கிறவன் நான். முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் சொல்வேன். நகைக்கடைக்காரருக்கும் அதே பதில், கத்திரிக்காய் விற்கிற அம்மாவுக்கும் அதே பதில். மச்சானுக்கு மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டுமா?

தேவகி மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

18.4.2005, திங்கள்

தேவிப்ரியா ஸ்டூல் போட்டு ஏறி டிவியை மூன்று முறை தட்டிப் பார்த்தாள். ஐந்து வயசு. "மாமா டிவி தூங்குதாப்பா?" என்றாள். கேபிளுக்கு அவள் வைத்த பெயர் அது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

21.4.2005, வியாழன்

தராசுக்கு உதிரி சாமான் வாங்கச் சென்னைக்குப் போன இடத்தில் வேலையை முடித்துவிட்டேன். டிஷ் ஒன்று, பெட்டி ஒன்று. மாதக் கட்டணம் கிடையாது. ஒரு தடவை வாங்கி மாட்டினால் அரசாங்கத்தின் இலவச சேனல்கள் முப்பதுக்கு மேல் வானத்திலிருந்து நேராக இறங்கும். நடுவில் கம்பமும் இல்லை, கண்ணாயிரமும் இல்லை.

கடையில் மூன்று தினுசு பெட்டி வைத்திருந்தார்கள். இருப்பதிலேயே மலிவானதை எடுத்தேன். பெட்டி மேல் பெயர்கூடக் கிடையாது. ஒரு மாதத்துக்குள் பழுது வந்தால் மாற்றித் தருவதாகப் பேச்சு. அரசாங்க முத்திரைக்கு அனுப்புமுன் ஒரு தராசை எப்படிச் சோதிப்பேனோ அப்படியே இதையும் சோதிக்கப் போகிறேன். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுதுவேன். இல்லையென்றால் இல்லை.

தேவகி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, வெயிட்டே இல்ல" என்றாள். எடையைப் பற்றி என்னிடமே.

24.4.2005, ஞாயிறு

டிஷ் மாட்ட முழு ஞாயிறும் போயிற்று. அக்னி மூலையைப் பார்க்க வேண்டும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். அக்னி மூலையில்தான் பக்கத்து வீட்டுத் தென்னை நிற்கிறது. டிஷ்ஷை மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்று முறை தூக்கினேன். நான் மேலே திருப்ப, தேவகி கீழே டிவியைப் பார்த்து சிக்னல் எண் சொல்ல வேண்டும்.

"எவ்ளோ?"

"பன்னெண்டு."

"இப்ப?"

"பன்னெண்டுதான்."

"இப்ப பாரு."

"கொழம்பு அடி புடிக்குது, இருங்க."

குழம்பை இறக்கிவிட்டு வந்து சொன்னபோது அறுபத்தெட்டு. எந்த இடத்தில் வைத்தபோது அறுபத்தெட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? மறுபடி முதலிலிருந்து. நாலு மணிக்குத்தான் நிலையாக எழுபதில் நின்றது.

எங்கள் டிவி பழசு. பின்னால் ஆன்டெனா ஓட்டை ஒன்றே ஒன்று. அதிலிருந்த கேபிள் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் பெட்டியின் ஒயரைச் செருகினேன்.

படம் வந்தது. ஆவி இல்லை. பொதிகையில் ஒரு வித்வான் உட்கார்ந்து பாடுகிறார், அவர் காதுக் கடுக்கனை எண்ணலாம். ஒருவர்தான் பாடுகிறார், இரண்டு பேர் இல்லை. தேவகியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என் சீரியல் வருமா?" என்றாள். அந்தச் சேனல் இதில் இல்லை. அதைச் சொன்னேன். உள்ளே போய்விட்டாள்.

26.4.2005, செவ்வாய்

காலை: நன்று. மாலை: நன்று. முப்பத்துச் சொச்சம் சேனலில் எனக்குப் புரிகிறவை இரண்டு. மற்றதெல்லாம் இந்தி, இன்னும் என்னென்னவோ. படம் எல்லாவற்றிலும் சுத்தம், அதை மறுக்க முடியாது.

29.4.2005, வெள்ளி

மாலை வந்து பார்த்தால் ரிமோட் வேலை செய்யவில்லை. தேவகி காலையில் வெள்ளிக்கிழமை பூஜை முடித்து, வாசற்படியிலிருந்து புதுப் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறாள். வீடு மணக்கிறது. ரிமோட் செத்துக் கிடக்கிறது. பேட்டரி மாற்றியாயிற்று. பெட்டியில் பொத்தானும் கிடையாது, மலிவுப் பெட்டி. காலையில் எந்தச் சேனலில் விட்டேனோ அதே சேனல். இந்தியில் பயிருக்கு மருந்து அடிப்பது எப்படி.

1.5.2005, ஞாயிறு

ரிமோட்டைப் பிரித்து, தராசுக் கோலைத் தாங்குகிற கத்தியைத் துடைக்கிற துணியால் துடைத்து மாட்டினேன். ஒன்றுமில்லை. மூன்று நாளாக இந்தியில் பயிர். தேவிப்ரியா 'பானி' என்று கேட்டுத் தண்ணீர் குடிக்கிறாள்.

3.5.2005, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

கடையை அடைத்துவிட்டு, வெயிலில் பஸ் பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சென்னை வரை போனேன். போனதும் சத்தம் போட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் பெட்டியைத் திருப்பி முகப்பைப் பார்த்தார். நடுவில் சின்னதாகக் கறுப்புக் கண்ணாடி ஒன்று, அதன் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். கட்டை விரலால் ஒரே துடை. ரிமோட்டை அமுக்கினார். வேலை செய்தது.

"ரிமோட் பேசறது இதுகிட்டதான் சார். இதுல பொட்டு வெச்சிட்டா அதுக்குக் கண்ணு தெரியாது" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தேவகியைக் கேட்டால், "அதுதான் நெத்தி மாதிரி இருந்திச்சி" என்கிறாள். அவளைச் சொல்லி என்ன? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை காஞ்சிபுரம் பஜார் முழுக்கப் போய், 'தட்டுல சந்தனம் வைக்காதீங்க, எடை மாறும், காம்புல வைங்க' என்று தொண்டை வறளச் சொல்கிறவன் நான். என் வீட்டுப் பெட்டியில் பொட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்தேன். பார்த்தும் தெரியவில்லை.

8.5.2005, ஞாயிறு

தேவிப்ரியாவுக்கு மொட்டையடித்துக் காது குத்தத் தேதி குறித்தாயிற்று. ஆனி மூன்று, ஜூன் பதினேழு, வெள்ளிக்கிழமை. முசரவாக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயிலில். மூன்று வயசில் செய்திருக்க வேண்டியது. அந்த வருடம் என் அண்ணன் காலமாகி நின்றுபோனது. இந்த ஐந்தும் போனால் அப்புறம் ஏழில்தான்.

காது குத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமனைக் கூப்பிடுவது போனில் சொல்கிற விஷயம் கிடையாது. புருஷனும் பெண்சாதியும் வெற்றிலை பாக்குத் தட்டோடு அவன் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். தேவகிக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன்தான். அவன்தான் சாம்பார் வாளி.

"எப்பப் போலாம்?" என்றாள் தேவகி.

இப்போது போனால் என்ன ஆகும்? கேபிள் இல்லாமல் தவித்து, கெஞ்ச வந்திருக்கிறார் மாமா என்று நினைப்பான். அதை எப்படிப் பொறுப்பது? பெட்டி நன்றாக ஓடட்டும். பதினைந்து நாள் தொடர்ந்து சுத்தமான படம், ஒரு குறையும் இல்லாமல். அன்றைக்கே தட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவேன், நிமிர்ந்து நடந்து போவேன். இதைத் தேவகியிடமும் சொல்லிவிட்டேன்.

"பொட்டி ஓடினாத்தான் எம் பொண்ணுக்குக் காது குத்துவீங்களா?" என்றாள்.

அப்படியில்லை என்றேன். அப்படித்தான் போலிருக்கிறது.

12.5.2005, வியாழன்

காலை: நன்று. மாலை: படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பூச்சி. அரை மணி நேரம் பெட்டியைத் தட்டினேன். கணக்கு மறுபடி சைபர்.

15.5.2005, ஞாயிறு

இந்த வாரச் சோதனை. காலை ஏழு மணிக்கு எல்லா நாளும் சுத்தம். மாலை ஏழு மணிக்குத் திங்கள் பூச்சி, செவ்வாய் பூச்சி, புதன் கொஞ்சம் பூச்சி, வியாழன் பூச்சி, வெள்ளி படமே இல்லை, சனி பூச்சி. பெட்டியைத் தூக்கி, துடைத்து, ஒயரையெல்லாம் அழுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது. மறுநாள் மாலை மறுபடி அதே கதை.

அக்னி நட்சத்திரம். சூட்டில் பெட்டிக்குள் ஏதோ இளகுகிறது என்று நினைக்கிறேன். தராசு வில்லும் வெயிலில் இளகும்.

இன்று ஞாயிறு. காலை நன்று, மாலையும் நன்று. இதுவும் அதே வெயில்தானே?

19.5.2005, வியாழன்

பெட்டிக்கு டேபிள் ஃபேன் வைத்தேன். எங்களுக்கு வியர்க்கிறது, பெட்டி காற்று வாங்குகிறது. மாலை: பூச்சி.

23.5.2005, திங்கள்

பெருமாள் கோயில் உற்சவக் கூட்டம். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பழுதுக்கு வரவேண்டிய இரண்டு தராசும் வரவில்லை. கடையில் உட்கார்ந்து யோசித்தேன். நேற்று ஞாயிறு, மாலை நன்று. போன ஞாயிறும் நன்று. ஞாயிற்றுக்கிழமை பட்டறைகளுக்கு லீவு, வோல்டேஜ் நிலையாக இருக்கும். அதுதான் காரணமோ? ஸ்டெபிலைசர் கடன் கேட்டு வாங்கி வைத்தேன்.

மாலை: பூச்சி. சீ.

சாப்பிடும்போது தேவிப்ரியா, "அந்த அக்கா பாவம்ப்பா, அவங்க மாமியா நகையெல்லாம் புடுங்கிக்கினாங்க" என்றாள். எந்த அக்கா என்றேன். தேவகி அவள் வாயில் ஒரு வாய் சோற்றை ஊட்டி, "தெருவுல ஏதோ பேசிக்கினாங்க" என்றாள். தெருவில் யாருக்கு இந்த அநியாயம் நடந்தது என்று தெரியவில்லை.

26.5.2005, வியாழன்

ஒரு மாதக் கெடு முடிந்தும் ஐந்து நாள் ஆகிவிட்டது. மாற்றித் தரமாட்டான். கேட்கவும் கூச்சம், அந்தப் பொட்டு விவகாரத்துக்கு அப்புறம்.

29.5.2005, ஞாயிறு

பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டேன்.

"உந்தம்பி ஏதோ பண்றான்" என்றேன். "பூஸ்டரக் கீஸ்டர வெச்சி எம் படத்தக் கெடுக்கறான். அதெப்படி சாயங்காலமா பாத்துக் கெடும்? வேணும்னே பண்றான். நான் வந்து கால்ல விழணும்னு பண்றான்."

தேவகி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அவன் அப்பிடிப் பண்றவன் இல்ல. உங்களுக்கே தெரியும்" என்றாள். அப்புறம் அழுதாள். பத்து வருடத்தில் என் எதிரில் உட்கார்ந்து இப்படி அழுதது இல்லை. பெட்டியைத் தூக்கித் தெருவில் போடலாம் போலிருந்தது. போடவில்லை. மாலைச் சோதனை நன்று. ஞாயிறாயிற்றே.

1.6.2005, புதன்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. தேவிப்ரியாவுக்கு முதல் பத்து நாள் பாதி நேரம்தானாம். மாலை: பூச்சி.

5.6.2005, ஞாயிறு

இன்னும் பன்னிரண்டு நாள். பதினைந்து நாள் கணக்கு இனி முடியவே முடியாது. எனக்கு எண்ணத் தெரியும்.

வேறு வழி சொன்னேன். தேவகியின் பெரியப்பா மகன் கலியாணசுந்தரம் இருக்கிறார், முறைக்கு அவரும் தாய்மாமன்தான், அவர் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்றேன்.

"மடி இன்னா வாடகைக்கு எடுக்கற சாமானா?" என்றாள். "எந்தம்பி உயிரோட ஊர்ல இருக்கான். அவன் இருக்கச் சொல்லோ இன்னொருத்தன் மடியில உக்கார வெச்சா, நாள பின்ன ஊரு அவன இன்னா சொல்லும்? என்ன இன்னா சொல்லும்? அப்பிடி ஒரு காதுகுத்து எம் பொண்ணுக்கு வேணாம். ஏழு வயசுல பாத்துக்கலாம். அதுவும் இல்லன்னா குத்தாமலே இருக்கட்டும்."

நீ தனியாகப் போய்க் கூப்பிடு என்றேன். தாலி கட்டினவன் வராமல் தட்டு எடுக்க மாட்டாளாம். சொன்னது சொன்னதுதானாம்.

நான் போகலாம். செருப்பைப் போட்டுக்கொண்டு எட்டு நிமிடம் நடந்தால் அவன் வீடு. ஏன் கால் வரவில்லை? உண்மையைச் சொன்னேன், அதற்கு நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. அது உண்மை என்பது வேறு, பந்தியில் சொன்னது வேறு என்றும் தோன்றுகிறது. இரண்டும் சமமாக நிற்கிறது. மேற்கொண்டு எழுதப் பிடிக்கவில்லை.

8.6.2005, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

படிக்கல் பெட்டியைச் சுத்தம் செய்வதற்காக நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தவன், காலையில் எடுக்க மறந்துவிட்டேன். பாத்திரக்கடைத் தராசு ஒன்று சோதனைக்குக் காத்திருக்கிறது. இரண்டரை மணி வாக்கில் வண்டியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பகலில் நான் வீட்டுக்கு வருகிற வழக்கமே கிடையாது. சாப்பாடு கையில் கொண்டுபோய்விடுவேன்.

உள்ளே அழுகைச் சத்தம். பதறிக்கொண்டு நுழைந்தால், தேவகியும் தேவிப்ரியாவும் தரையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். அழுதது டிவியில் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் அவளுடைய ஆவியும் சேர்ந்து அழுதது.

மாமா டிவி.

பெட்டியின் ஒயர் கீழே கிடந்தது. பீரோவுக்குப் பின்னால் சுருட்டிப் போட்டிருந்த கேபிள் ஒயர் டிவியில் செருகியிருந்தது. தேவகி எழுந்து நின்றாள். தேவிப்ரியாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அம்மா, அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னியே, அவரே பாத்துட்டாரு."

"எத்தினி நாளா?" என்றேன்.

"கழட்டின மறுநாளே அவன் வந்து கட்டிட்டுப் போய்ட்டான். நீங்க கடைக்குப் போனப்புறம் வந்தான். 'கோவத்துல கழட்டிட்டேங்க்கா, நைட்டெல்லாம் தூக்கம் வரல. மாமாகிட்ட சொல்லாத, அவரு மொதல்ல எங்கிட்ட வரட்டும்'னு சொன்னான்."

"தெனமும் பாத்தியா?"

"ஞாயித்துக்கெழம தவிர."

ஞாயித்துக்கெழம தவிர! ஆறு வாரமாக நான் எழுதி வைத்திருக்கிறேனே. ஞாயிறு நன்று, ஞாயிறு நன்று, ஞாயிறு நன்று. ஐந்தரை மணிக்கு அவசர அவசரமாகக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பெட்டி ஒயரை முதல் சில நாள் ஒழுங்காகவும் அப்புறம் முக்கால்வாசியும் செருகி வைத்திருக்கிறாள். பாதி தொட்டும் தொடாமலும் இருந்தால் பூச்சி வராமல் என்ன வரும்? சோதனை செய்கிற தராசின் தட்டை ஒருத்தி தினமும் கையால் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பெட்டியைக் குறை சொன்னேன், வெயிலைக் குறை சொன்னேன், வோல்டேஜைக் குறை சொன்னேன். கண்ணாயிரத்தைச் சொன்னேன். அவன் ஒயர் என் வீட்டில் உயிரோடு இருந்திருக்கிறது. செருகிப் பார்க்கவேண்டும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

"சீரியலுக்காவ ஏமாத்திட்டியே" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சீரியலுக்குன்னே வெச்சிக்கோங்க" என்றாள். "ஆனா அவன் மனசு கேக்காம வந்து கட்டிட்டுப் போன ஒயரு. அத நான் எப்பிடி சும்மா போட்டு வெப்பேன்? ஒருத்தராவது அதத் தொடணுமில்ல."

படிக்கல் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். பாத்திரக்கடைத் தராசைச் சோதிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

9.6.2005, வியாழன்

பெட்டி ஒயரை நானே அழுத்திச் செருகினேன். மாலை ஏழு மணி: நன்று. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. முதல் நாளிலிருந்தே இருந்திருக்காது. மலிவுப் பெட்டி என்றாலும் நல்ல பெட்டி.

கோபம் போய்விட்டது. வெட்கம்தான் போகவில்லை.

12.6.2005, ஞாயிறு

போனோம்.

தேவகி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து, தேவிப்ரியாவையும் கூட்டிக்கொண்டு, என் முன்னால் நடந்தாள்.

கண்ணாயிரம் மாடி அறையில் இருந்தான். செவிலிமேட்டுக்குப் படம் போகிற அறை. சுவர் முழுக்கப் பெட்டிகள், சின்ன டிவி ஒன்று. எங்களைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான். தட்டை நீட்டுவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். பேசினேன்.

"பந்தியில நான் அப்பிடிப் பேசினது தப்பு, மச்சான்."

அவன் சின்ன டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"படம் ரெட்டையா தெரியுதுன்னு எனக்கும் தெரியும் மாமா" என்றான். "கோடி வீட்டுக்குப் போறதுக்குள்ள அடி வாங்கிடுது. உங்க வூடுதான் கோடி. வூட்ல கூப்ட்டு சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே வந்து லைன மாத்தியிருப்பேன். கையில சாம்பார் வாளியோட நிக்கறேன், எங்கிட்ட கனெக்ஷன் வாங்கப் போறவருகிட்ட சொல்றீங்க. அந்தாளு வேற எடத்துல வாங்கிட்டாரு."

"தெரியாது மச்சான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "இன்னொண்ணும் சொல்லிடறேன் மாமா. நீங்க வரலன்னா காதுகுத்துக்கு நான் வந்திருக்க மாட்டேன். அக்கா அழுதாலும் வந்திருக்க மாட்டேன். வராம வூட்லயே படுத்துக்கினு இருந்திருப்பேன்."

தேவகி தட்டை என் கையில் கொடுத்தாள். இரண்டு பேருமாகப் பிடித்து நீட்டினோம். அவன் பெண்சாதியைக் கூப்பிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"வெள்ளிக்கெழமதான மாமா? லைன் வேல எதுவும் வெச்சிக்கல" என்றான்.

17.6.2005, வெள்ளி

முசரவாக்கம். நல்ல வெயில். கண்ணாயிரம் வேன் வைத்துச் சீர்வரிசையோடு வந்தான். கம்மல், பாவாடை சட்டை, பழத்தட்டு, மேளம். எங்கள் பங்காளிகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

மொட்டை வரைக்கும் தேவிப்ரியா சமர்த்தாகத்தான் இருந்தாள். ஆசாரி கம்பியை எடுத்ததும் அலறிக்கொண்டு மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணாயிரம் வெல்லக் கட்டியை வாயில் வைத்துப் பார்த்தான், பாட்டுப் பாடிப் பார்த்தான். ஒரு காது குத்தியானதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய ஆள், மழையிலும் கம்பம் ஏறுகிறவன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மாமா, அடுத்த காதுக்குத் தலய நீங்க புடிச்சிக்கோங்க, என்னால முடியல" என்றான்.

அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து பிள்ளையின் தலையைப் பிடித்தேன். அவன் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். அவள் எங்கள் இரண்டு பேரையும் உதைத்தாள். ஆசாரி ஒரே குத்தில் முடித்துவிட்டார். தேவகி எங்கள் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். இந்த முறை அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

19.6.2005, ஞாயிறு

கண்ணாயிரம் காலையில் வந்தான். காபி குடித்தான். போஸ்ட்டில் ஏறி எங்கள் பக்கத்து லைனை மாற்றினான். கேபிளில் இப்போது ஆவி பாதிதான் தெரிகிறது.

இறங்கி வந்து என் பெட்டியில் பொதிகையைப் போட்டுப் பார்த்தான். கிட்டப் போய்ப் பார்த்தான். "மாமா, எங்கிட்ட இருக்கற பொட்டியவிட இது நல்லா இருக்குதே" என்றான். "எங்க வாங்கினீங்க?"

சொன்னேன். சோதனை எழுதின நோட்டையும் காட்டினேன். அவன் ஞாயிற்றுக்கிழமைகளைப் படித்துப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, "அக்கா, இன்னாக்கா இது" என்றான். உள்ளேயிருந்து தாளிக்கிற சத்தம்தான் வந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு போ என்று நானே சொன்னேன். ஒரு வீட்டுக்கு ஓடுவதைவிட ஊருக்கு ஓடட்டும். முதலில் மறுத்தான். டிஷ்ஷை மாடியிலிருந்து இரண்டு பேருமாக இறக்கி, அவன் மாடியில் ஏற்றி, மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டோம். அவன் திருப்பினான், நான் கீழே நின்று எண் சொன்னேன்.

25.6.2005, சனி

செவிலிமேட்டில் புதிதாகக் குடிவந்திருக்கிற மளிகைக்கடைக்காரர் ஒருவர் தராசோடு கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில், "எங்க தெரு கேபிள்ல நாலஞ்சு நாளா பொதிகை கண்ணாடியாட்டம் தெரியுதுங்க. யாரோ நல்ல பெட்டியா பாத்து வாங்கிப் போட்டிருக்காங்க" என்றார்.

ஆறு வாரம் சோதித்து, ஃபேன் வைத்து, ஸ்டெபிலைசர் வைத்து, சென்னைக்கு இரண்டு தடவை போய்வந்த கதை முழுக்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"எங்க மச்சான் கேபிளுங்க அது" என்றேன். "வேலையில சுத்தம்."